யுமிகாவின் அளவு

தேநீருக்கு நன்றி. ஆனால் அந்தக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தங்கச்சி. வெள்ளைச் சாட்டினில் தேநீர் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சட்டை பிளாஸ்டிக் பைக்குள்தான் இருக்கிறது, தெரிகிறது; வாயை ஒட்டி இலக்கமும் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இவ்வளவு நேரமும் உங்களுடைய பொலிஸ் ஐயாவின் முழங்கை அதில் பட்டுவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றி. இனி நிம்மதியாகக் கதைக்கலாம்.

உங்கள் பெயர் வான்மதி என்றார்கள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டீர்களாம். "நீங்க மெதுவா சொல்லுங்கம்மா, நான் அப்படியே ஆபீசருக்குச் சொல்றேன்" என்று சொன்னீர்களே, அது கேட்க நன்றாயிருந்தது. எனக்கும் ஆங்கிலம் வரும். ஜெர்மன் அதைவிட நன்றாக வரும். டோர்ட்முண்டில் திரைச்சீலை தைக்கும் இடத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தேன். ஆனால் தையலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தமிழ்தான் தோதுப்படும். இது முழுக்கத் தையல் சம்பந்தப்பட்ட விஷயம். நீங்கள் எல்லோரும் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஹம்சினி எப்படி இருக்கிறாள்?

சொல்லக்கூடாதென்றால் பரவாயில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள், இதயம் களைத்துப்போய்விட்டதாம் என்று அவளுடைய அம்மா சிவனேஸ்வரி அக்கா போனில் அழுதா. அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு இதயம் ஏன் இப்படிக் களைக்கிறது என்று டொக்டர்மார் கேட்டார்களாம். அதற்கான பதிலைத்தான் நான் சொல்லப்போகிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்பதையும் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.

என் கடை அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சாறிக் கடைக்கு மேல்மாடி. படி செங்குத்து, ஏறி வர மூச்சு வாங்கும். ஆனாலும் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வருவார்கள், வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்கள். காரணம், நான் பிளவுசுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பேன். இங்கத்தைக் கடைகளில் தைத்து முடிந்ததும் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எங்கள் சனத்துக்கு அது சரிவராது. பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத் தைத்த பிளவுசைப் பட்டமளிப்புக்கு இளக்கிக் கொடுப்பேன். கலியாணத்துக்குத் தைத்ததைப் பிள்ளை பெற்ற பிறகு இளக்கிக் கொடுப்பேன். "அன்ரி, கொஞ்சம் லூசாக்கித் தாங்கோ" என்று கேட்டுக்கொண்டு வராத பெண் கிடையாது. நான் தையலைப் பிரிப்பேன், உள்ளே கிடக்கும் துணியை வெளியே விடுவேன், அழுத்தி மடித்துக் கையில் கொடுப்பேன். மற்றவர்கள் பெருப்பதற்கு இடம் விட்டுக் கொடுத்தே என் காலம் போய்விட்டது. எனக்கு அது அலுத்துப்போயிருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஹம்சினியின் சாமத்தியவீட்டுப் பிளவுசும் நான் தைத்ததுதான். பிறகு யூனிவர்சிட்டிக்குப் போகத் தொடங்கிய வருடம் ஒரு சனிக்கிழமை தனியாகப் படியேறி வந்தாள். கையில் டேப்லட். அதில் ஒரு படம்.

"அன்ரி, சிரிக்கக்கூடாது. இதைப்போலத் தைக்க ஏலுமோ?"

"ஆரிது? யப்பான் பிள்ளையோ?"

"யுமிகா. அசானே யுமிகா. உண்மையான ஆள் இல்லை அன்ரி, படமாக் கீறின ஆள்."

"கீறின ஆளுக்கு என்னத்துக்கடி சட்டை?"

"சட்டை எனக்கு அன்ரி. நான் அவவைப்போல வெளிக்கிட்டு, இப்பிடி வேஷம் போடுறவையின்ர கூட்டத்துக்குப் போகப்போறன்."

ஐயாவுக்கு இது விளங்காமல் இருக்கும். எனக்கும் அன்று விளங்கவில்லை. ஹம்சினிதான் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். ஜப்பானில் ஒரு கம்பனி 'ஹார்பர் செவன்' என்று ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. துறைமுக ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கும் ஏழு பெண்பிள்ளைகள் சேர்ந்து பாட்டும் ஆட்டமுமாய் ஒரு குழு நடத்துகிறார்கள். அதே ஏழு பேர் கார்ட்டூன் தொடரிலும் வருவார்கள், பாட்டுத் தட்டிலும் வருவார்கள், போன் விளையாட்டிலும் வருவார்கள். குரல் கொடுக்கிற நடிகைகள் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையில் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் ஏழு பேரில் ஒருத்தியைத் தமக்கென்று வரித்துக்கொள்வார்கள். அவளை ஒஷி என்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம், யுமிகாவுக்கு இளம்பச்சை. ஒஷியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிப் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். அதை மட்டும் எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. படத்துக்கு முன்னால் வைத்துப் பழகிய சனம்தானே நாங்கள்.

முதலில் தைத்தது யுமிகாவின் பள்ளிக்கூட உடுப்பு. "பாவாடை ஆடேக்க எப்பிடி விழுதெண்டு பாருங்கோ அன்ரி" என்று ஹம்சினி டேப்லட்டைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் மடிப்பைப் பார்க்கத்தான் போட்டேன். பார்த்தால், யுமிகா இடது ஓரத்தில் நிற்கிறவள். மற்ற ஆறு பேருக்கும் உடுப்புத் தைத்துக் கொடுப்பது அவள்தான். எல்லோரும் நடுவில் நின்று பாட ஆசைப்படுவார்கள். இவள் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து நூல் கோப்பாள். அவசரப்படுத்தினால் "மோ ஹிதொஹாரி" என்பாள். இன்னும் ஒரு தையல்தான் என்று அர்த்தமாம். அவளுக்கென்று ஒருவரும் தைத்துக் கொடுப்பதில்லை. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். டோர்ட்முண்டில் என் மனுசன் சாமானைக் கட்டிக்கொண்டு போனபோதுகூட அழாதவள் நான். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று, அதற்கு மேல் என்ன சொல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கம்பனி ஏழு பேருடைய விபரத்தையும் வெளியிட்டிருந்தது. பிறந்தநாள், இரத்த வகை, பிடித்த சாப்பாடு, உயரம், தோளளவு, இடுப்பளவு. கோயிலில் அம்மனுக்குச் சாறி சாத்தும்போதுகூடக் குத்துமதிப்பாகத்தான் சுற்றுகிறோம். இவளுக்கோ அளவு அச்சடித்தே இருந்தது. வயது எப்போதும் பதினேழு. வருடா வருடம் கேக் வைத்தாலும் அவள் பதினேழிலேயே நிற்பாள், அளவும் மாறாது. இளக்கித் தாங்கோ என்று என் படியில் ஏறி வரமாட்டாள்.

ஹம்சினியின் உயரமும் யுமிகாவின் உயரமும் ஒன்று. டேப்பைப் பிடித்து இரண்டு தரம் பார்த்தேன். தோளும் ஒன்று. இடுப்பு மட்டும் சேரவில்லை. அந்த உயரத்துக்கு அந்த இடுப்பு உயிருள்ள பிள்ளை ஒருத்திக்கும் இருக்காது; கீறுகிறவருக்குக் குடலும் ஈரலும் வைக்க இடம் தேவையில்லை. இவ்வளவு காலம் தைத்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனாலும் அச்சில் போட்டிருந்தார்கள். நான் அச்சில் இருந்ததையே நம்பினேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். நான் பிளவுசுக்குக் கொக்கி தைப்பேன். அவள் நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டிருந்து புது அத்தியாயத்தைப் போடுவாள். "அன்ரி, உங்கட ஆள் வந்திட்டா" என்று பகிடி பண்ணுவாள். யுமிகாவின் பிறந்தநாளுக்கு இளம்பச்சைக் கிரீம் போட்ட கேக் வாங்கி வந்தாள். அன்று இரண்டு துண்டு சாப்பிட்டாள், விரலையும் நக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல காலம் அது. அந்தப் படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

போன மார்கழியில் கம்பனி அறிவித்தல் விட்டது. கடைசியாக ஒரு மேடை, அதோடு எல்லாம் நிறுத்தம். அதை ஹம்சினியும் நானும் கடையிலிருந்தே பார்த்தோம். ஏழு பேரும் வெள்ளைச் சாட்டினில் வந்தார்கள். யுமிகாவின் இடுப்பில் மட்டும் இளம்பச்சைக் கரை. பிறகு போன் விளையாட்டில் 'இதுவரை நன்றி' என்று எழுதி வந்தது. அதற்குப் பிறகு திரை வெறுமை. நான் விரலால் தட்டிப் பார்த்தேன்.

"முடிஞ்சுது அன்ரி. கேமின்ர சேர்வரை நிப்பாட்டிட்டினம்."

டோக்கியோவில் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அமத்தினார், யுமிகா போய்விட்டாள். அவரை ஒருவரும் இப்படி அறையில் இருத்தி விசாரிக்கவில்லை.

ஹம்சினி கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அன்ரி, எனக்கு அந்த வெள்ளைச் சட்டை தைச்சுத் தாறீங்களோ? அவவுக்குப் பொருந்தின மாதிரி ஒருக்கால் எனக்கும் சரியாப் பொருந்தவேணும். மே மாசக் கூட்டத்துக்குப் போட்டு ஒரு படம் எடுத்திட்டு, அதோட விட்டிடுவன். எனக்கு வேலை பழகிற பிளேஸ்மெண்ட் தொடங்குது. சனிக்கிழமையில இனி வர ஏலாது."

"சரியாப் பொருந்தினாப் பிறகு விட்டிடுவியோ?"

"ஓம் அன்ரி. எவ்வளவு காலத்துக்கு இப்பிடித் திரியிறது. வளரவேணும்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

சட்டையைத் தைத்தபோது என் மனத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. இதைக் கட்டாயம் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். தை மாதத்தில் முதல் தடவை போட்டுப் பார்த்தாள். இழுத்தபோது பக்கத்துச் சிப் பாதியில் நின்றது.

"இறுக்குது அன்ரி. நான் உடம்பு வைச்சிட்டனோ?"

"கொஞ்சம் வைச்சிட்டாய்தான் பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னேன். இந்தச் சொல்லை எங்கள் சனத்தில் சொல்லாத ஆள் ஆர்? எந்தக் கலியாண மண்டப வாசலிலும் நின்று பாருங்கள். சுகமோ என்று கேட்க முன்னர் "நல்லா உடம்பு வைச்சிட்டாய் போல" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள், வான்மதி, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அதற்காக இதுவரை யாரையாவது பொலிஸுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா?

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். நான் குறைக்கச் சொல்லவில்லை. மாசியில் ஒரு சனி வந்து போட்டுப் பார்த்தபோது சிப் மேலே போயிற்று. கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அன்ரி, பொருந்துது, பாருங்கோ."

"கரை இன்னும் தைச்சு முடியேல்லை. வாற கிழமை வா."

அவள் போன பிறகு சட்டையை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இருந்தேன். கரையைத் தைத்தால் வேலை முடிந்தது. வந்து எடுத்துக்கொண்டு போவாள். படியில் வேறு பெண்கள் ஏறுவார்கள், இளக்கித் தாங்கோ என்பார்கள். நான் இரண்டு பக்கத் தையலையும் ஒரு நகத்தின் அகலத்துக்கு உள்ளே பிடித்துத் தைத்தேன். நகத்தின் அகலம் என்பது ஒன்றுமே இல்லை, தையல் தெரிந்த யாரிடமும் கேளுங்கள்.

அடுத்த சனி சிப் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். "மோ ஹிதொஹாரி" என்றேன், அவள் சிரிக்கட்டும் என்று. சிரிக்கவில்லை.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் மெலிவாள், சட்டை பொருந்தப் பார்க்கும், நான் நகத்தின் அகலத்துக்குப் பிடிப்பேன். டேப்பையும் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இரண்டு டேப். பழையதன் முனை நைந்துபோயிருந்தது. அதை வெட்டிவிட்டுப் பித்தளைத் தகட்டைத் திருப்பிப் பொருத்தி வைத்திருந்தேன். முனை குறைந்தால் அளவு கூட்டித்தான் காட்டும். அதைச் சனிக்கிழமைகளில் எடுத்தேன். முதல் தடவை கைக்கு அகப்பட்டதால் எடுத்தேன். பிறகு தேடி எடுத்தேன்.

சித்திரை மாத வெயிலிலும் அவள் கையுறை போட்டிருந்தாள். படியின் நடுவில் காலடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்கும். நான் தையல் மெசினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பால் தேநீரும் பிஸ்கட்டும் வைப்பேன். "வேண்டாம் அன்ரி, தண்ணி காணும்" என்பாள். ஆறிப்போகுமே என்று இரண்டு கோப்பையையும் நானே குடிப்பேன். பட்டினி போட்டாள் ரஜனி என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு கிழமையும் வைத்தேன்.

சிவனேஸ்வரி அக்கா சித்திரைக் கடைசியில் வந்தா. மச்சாளின் கலியாணத்துக்கு ஹம்சினி உடுக்கவென்று தந்திருந்த கடுகு நிறப் பட்டும் பிளவுசும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தா. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தா, கண் சிவந்திருந்தது. பிளவுசைப் பைக்குள் வைத்துவிட்டும் எழும்பவில்லை.

"ரஜனி, எனக்குப் பிள்ளை மெலிஞ்சு போனாள் மாதிரிக் கிடக்கு. நான் ஷிப்டுக்கு ஓடுறன், அவள் எப்ப சாப்பிடுறாள் எண்டே தெரியேல்லை. நீர் கிழமைக்குக் கிழமை பாக்கிறனீர். உமக்கு என்ன தெரியுது?"

"மெலியேல்லை அக்கா. போன மாசத்தைவிடக் கூடித்தான் கிடக்கு."

"உண்மையாவோ?"

"டேப்பில பாத்தனான் அக்கா. உங்களுக்குத்தான் நித்திரையில்லாமல் எல்லாம் மெலிஞ்சு தெரியுது."

அக்கா நெஞ்சில் கை வைத்து "அப்பாடா, பிள்ளையாரே" என்றா. பெற்றவளின் கண்ணைவிட என் டேப்பை நம்பினா. போகும்போது எனக்கு முறுக்குப் பை ஒன்றும் தந்தா. நல்ல மனுசி அவ.

மே மாசக் கூட்டத்துக்குச் சட்டை பொருந்தவில்லை. ஹம்சினி கண்ணாடிக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதாள். "நான் பண்டி மாதிரி இருக்கிறன் அன்ரி" என்றாள். அவளுடைய கழுத்தெலும்புக் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும், அப்படி இருந்தாள். "அக்டோபர்க் கூட்டத்துக்குப் பாப்பம். பிளேஸ்மெண்டைப் பின்னுக்குப் போடக் கேட்டிருக்கிறன். சரியாப் பொருந்தாமல் விடமாட்டன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கோடைகாலம் முழுவதும் வருவாள். அவளுடைய தலையைத் தடவினேன். மயிர் கையோடு வந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் குப்பைக் கூடையில் போட்டேன்.

இனி போன சனிக்கிழமையைச் சொல்கிறேன். மத்தியானம். யன்னலால் நல்ல வெளிச்சம். அதற்குள் சட்டை யுமிகாவின் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அதற்கு மேல் பிடிக்க எனக்கும் விருப்பமில்லை. ஹம்சினி மூச்சைப் பிடித்தாள். சிப் அக்குள் வரை போயிற்று, கொஞ்சம்தான் மிச்சம். இளம்பச்சைக் கரை இடுப்பைச் சுற்றி நேராக நின்றது. கண்ணாடிக்குள் நின்றது யுமிகாதான். கம்பனி இல்லாமலாக்கியவள் அப்டன் பார்க்கில், என் கடையில், என் சட்டையில் நின்றாள். நான் கையைக் கூப்பிவிட்டேன்.

அவள் "அன்ரி" என்றாள். பிறகு காலை மடித்து மெதுவாக நிலத்தில் சரிந்தாள்.

விழுந்த சத்தம் கீழ்க்கடை லெட்சுமணன் அண்ணைக்குக் கேட்ட நேரத்தையும், நான் அம்புலன்ஸுக்கு அடித்த நேரத்தையும் ஐயா வைத்திருக்கிறார். இடையில் ஏன் அவ்வளவு நேரம் என்று மூன்றாம் தரமும் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். அம்புலன்ஸ்காரர் வந்ததும் கத்தரிக்கோலால் உடுப்பை வெட்டுவார்கள், நெஞ்சில் வயர் ஒட்டுவதற்கு. எனக்கு அது தெரியும். அதனால் முதலில் சட்டையைக் கழற்றினேன். சிப்பை இறக்கினேன், கொக்கியைக் கழற்றினேன், கை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவசரப்பட்டால் சாட்டின் கிழிந்துவிடும். அவளுக்கு அவளுடைய சுவெட்டரைப் போட்டுவிட்டேன், பிள்ளை குளிரில் கிடக்கக்கூடாது. சட்டையை ஹாங்கரில் மாட்டி, துணிப்பையால் மூடி, அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு போன் அடித்தேன்.

வான்மதி, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். ஐயாவுக்குச் சொல்லுங்கள். விட்டு விட்டுச் சொன்னால் பிழையாக விளங்கும்.

திங்கட்கிழமை மேனுஷா வந்தாள். ஹம்சினியோடு படிக்கிற பிள்ளை; ஹார்பர் செவனில் நடுவில் நிற்கிறவளைப்போல வெளிக்கிடுகிறவள், தன் உடுப்பைத் தானே தைப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால் கண் திறக்கும்போது ஹம்சினி பார்ப்பாள் என்று சட்டையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் சுருக்கம் பார்க்கப் போய் உள்பக்கத்தைத் திருப்பினாள். சாட்டினில் ஊசி போன இடம் மூடாது. பிரித்துத் தைத்தால் பழைய வரி அப்படியே ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

"அன்ரி, இதென்ன? ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா இவ்வளவு வரி?"

"திருத்தினது பிள்ளை."

"எல்லாம் உள்ளுக்குத்தானே போகுது. ஒருக்கால்கூட வெளியில விடேல்லை. அவள் வைச்சிட்டன் வைச்சிட்டன் எண்டு என்னட்ட அழுதவள் அன்ரி. அப்ப, சட்டையோ சின்னனாகினது?"

"சாட்டின் சுருங்கும்."

"சாட்டின் இப்பிடிச் சுருங்காது. எனக்கும் தைக்கத் தெரியும்."

மேசையிலிருந்த டேப்பை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றினாள். வாசித்தாள். முனையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயோ அன்ரி" என்றாள். சட்டையையும் டேப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் ஓடி இறங்கினாள். கசங்கப்போகிறதே என்று நான் பின்னால் நின்று கூப்பிட்டேன்.

இவ்வளவும்தான். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. திட்டம் போட்டுச் செய்தாயா என்று ஐயா கேட்கிறார். யாராவது நகத்தின் அகலத்தில் திட்டம் போடுவார்களா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஐயா போய்ப் பார்க்கட்டும், நான் இருக்கிறேன்.

என்ன, வான்மதி? ஐயா உங்கள் காதில் என்ன சொன்னார்? எனக்குச் சொல்வதற்கு அவரிடம் அனுமதி கேட்கிறீர்களா? கேளுங்கள்.

"அம்மா... ஹம்சினி தவறிட்டாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான்."

அப்படியா.

கொஞ்சம் தண்ணீர் தாருங்கள். இல்லை, தேநீர் வேண்டாம். சிவனேஸ்வரி அக்காவை நினைக்கத்தான் பாவமாக இருக்கிறது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஹம்சினிக்காகவும் அழுகை வரும் என்று பார்க்கிறேன். வரவில்லை, கண்ணாடிக்கு முன்னால் நின்ற அந்த வடிவுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி ஒன்று திருத்தவேண்டும். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை என்று முன்பு பதியச் சொன்னேன். அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். மேனுஷா கெட்டிக்காரி, ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவள் உள்ளே போன வரிகளைப் பார்த்தாள். முதல் வரிக்கு வெளியே துணியே இல்லை என்பதைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து நீங்களே பாருங்கள். தைத்த முதல் நாளே, அவள் ஒருதரம்கூடப் போட்டுப் பார்க்க முன்னரே, மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டேன். அந்த முதல் வரியே அவளுடைய இடுப்பைவிடச் சின்னது. ஆர் பிரித்துத் தைத்தாலும் அவளுடைய சொந்த அளவுக்கு அந்தச் சட்டை வரக்கூடாது என்றுதான் வெட்டினேன். என் வாழ்நாளில் உள்ளே துணி விடாமல் தைத்தது இது ஒன்றுதான்.

இப்போது அக்கா அவளுக்கு அந்தக் கடுகுப் பட்டை உடுத்தப் பார்ப்பா. வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பிளவுஸ் அவளுடைய பழைய அளவுக்கு, உள்ளேயும் நிறையத் துணி விட்டுத் தைத்தது. இப்போது பிள்ளைக்குச் சாக்கு மாதிரித் தொங்கும், ஊசி குத்திக் குத்தித்தான் நிறுத்தவேண்டிவரும். இந்த வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிடுங்கள். கசங்கலை நானே அழுத்தித் தருகிறேன். சரியாகப் பொருந்தினால் விட்டுவிடுவேன் என்று பிள்ளை சொன்னாள். இப்போது பொருந்தும்.